முதுகைக் காட்டி உட்காரும் உதவியாளர்

"போச்சா பார்க்கிறோம்" என்று சொன்னதும் அம்மா பதறி, "என்னடா போச்சு?" என்றார். ஒன்றும் போகவில்லை. விளையாட்டின் பெயரே அதுதான். இத்தாலிய மொழியில் பந்து என்று அர்த்தமாம்.

2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸ் சமயத்தில் எனக்கும் தம்பிக்கும் பிடித்த பைத்தியம் இது. தம்பிக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம், சக்கர நாற்காலிதான். பேச்சு வரும், நிதானமாக வரும்.

முதலில் ஒரு வெள்ளைப் பந்தை உருட்டிவிடுவார்கள். அப்புறம் ஒருவருக்கு ஆறு சிவப்பு, மற்றவருக்கு ஆறு நீலம். வெள்ளைக்குப் பக்கத்தில் யார் பந்து நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. கோலி ஆடியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். எதிராளி பந்தை அடித்து விலக்கலாம், வழியை மறிக்கலாம், வெள்ளையையே தள்ளிக்கொண்டு போய் ஆட்டத்தைத் தலைகீழாக்கலாம். 1984 முதல் பாராலிம்பிக்ஸில் இருக்கிறது, ஒலிம்பிக்ஸில் கிடையாது. தென் கொரியா 1988-லிருந்து ஒரு தடவைகூடத் தங்கம் இல்லாமல் ஊர் திரும்பியதில்லை. இதைப் பற்றி வரும் பதிவுகளோ 'கண்கலங்க வைத்த வீரர்' என்றே தொடங்குகின்றன. கலங்க என்ன இருக்கிறது? அங்கே நடப்பது பச்சைக் குள்ளநரித்தனம்!

நான் சொல்ல வந்தது பிசி3 என்ற பிரிவைப் பற்றி. கையால் பந்தை எறிய முடியாதவர்கள் ஆடுவது. முன்னால் சறுக்குமரம் மாதிரி ஒரு சாய்தளம் இருக்கும். அதை நகர்த்தவும் பந்தை வைக்கவும் ஓர் உதவியாளர் உண்டு. பந்தைக் கடைசியாகத் தொட்டு விடுவது வீரர்தான், கையாலோ தலையில் மாட்டிய கோலாலோ. அந்த உதவியாளர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். சுற்று முடியும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அபராதம். கிரேக்க வீரர் கிரிகோரியோஸ் பொலிக்ரோனிடிஸுக்கு உதவியாளர் அவருடைய மனைவி. அவருக்கும் இதே விதிதான்.

வீரர் சொல்கிற அளவுக்கு இடது, சொல்கிற அளவுக்கு வலது, அவ்வளவுதான் உதவியாளர் வேலை. பந்து உருண்டு போன பிறகு, என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள அவருக்கு எதிரே இருக்கும் முகம் ஒன்றுதான் வழி.

கொடுமையான விதி என்றார் நண்பர் ஒருவர். விளையாட்டு உலகத்திலேயே இதைவிட மரியாதையான விதி இல்லை என்பது என் கட்சி. உதவி செய், யோசிப்பது உன் வேலை இல்லை என்கிறது அது. இங்கே தலைகீழ். ஓர் அலுவலகத்தில் தம்பி கொண்டுபோன விண்ணப்பத்துக்கு அவன் எதிரிலேயே என்னிடம், "இவருக்கு விவரம் தெரியுமா?" என்று கேட்டார்கள். அவன் எம்.காம்.

அவர்களை மட்டும் சொல்வானேன். ஓட்டலுக்குப் போனால் அவனுக்கும் சேர்த்து இட்லி சொல்வது நான்தான். ஊட்டிவிடச் சுலபம். எத்தனை வருடமாக என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சர்வர் வழக்கம்போல என்னைப் பார்த்து, "சாருக்கு என்ன வேணும்?" என்றார். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கைகழுவும் இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சர்வரின் செருப்பு மட்டும் நிலைகொள்ளாமல் தேய்ந்தது. அப்புறம் முதுகுக்குப் பின்னாலிருந்து, ஒவ்வொரு எழுத்தாக, "ரெண்டு பரோட்டா. சால்னா தனியா."