மான்ட்ரியல் கோளம் நகல் அல்ல

"மான்ட்ரியல் கண்ணாடிக் கோளம் 1976 தீயில் அழிந்தது, இப்போது நிற்பது நகல்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தீ உண்மை. மற்றது தவறு.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் வடிவமைத்த இந்தக் கோளம், கனடாவின் மான்ட்ரியல் நகரில் நடந்த 1967 உலகக் கண்காட்சியில் அமெரிக்காவின் அரங்கம். சுமார் 76 மீட்டர் விட்டம். முக்கோணங்களாகப் பின்னிய எஃகுக் குழாய்கள்தான் எலும்புக்கூடு. மேலே போர்த்தியிருந்தது கண்ணாடியே அல்ல, அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். சும்மா விடுமா தீ? 1976 மே மாதம் பழுதுபார்ப்பு வெல்டிங்கில் பற்றிய நெருப்பு, அந்தப் போர்வையைக் கொஞ்ச நேரத்திலேயே தின்றுவிட்டது. எஃகு அப்படியே நின்றது.

அப்புறம் பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. 1995இல் அதே கூட்டுக்குள் சுற்றுச்சூழல் அருங்காட்சியகம் வந்தது. அக்ரிலிக்கை மறுபடி போர்த்தவில்லை. படங்களில் கூடு வெறுமையாகத் தெரிவது அதனால்தான்.