போனைப் பறிக்க முன்பு ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

"போனைத் தூக்கி வை, எல்லாம் சரியாகும்." சோர்ந்துபோய் மூலையில் இருக்கிற பிள்ளைக்கும் மனைவிக்கும் தம்பிக்கும் நம் வீடுகளில் முதலில் சொல்லப்படுவது இதுதான். இந்த அறிவுரை பிழை என்பது என் உறுதியான கருத்து. அநேகமானவர்களுக்குப் போன் ஒரு பனடோல். வலி எங்கே என்று கேட்காமல் பனடோலை மட்டும் பறித்தால் வலிதான் மிஞ்சும்.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சாதாரண மாலையை எடுங்கள். காலி வீதி நெரிசலில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி வந்தாயிற்று. வாடகை கட்ட வேண்டும், ரியூஷன் காசு கொடுக்க வேண்டும், முழுக்கச் சிங்களத்தில் வந்த கடிதம் ஒன்று மேசையில் கிடக்கிறது. கதிரையில் இருந்ததும் கை போனுக்குப் போகிறது. முதல் பத்து நிமிடம் உண்மையான ஆறுதல், அதை யாரும் மறுக்கக் கூடாது. பிறகு பதினொரு மணியாகிறது. கடிதம் பிரிக்கப்படவில்லை, தூக்கம் குறைந்துவிட்டது. தூக்கம் குறைந்தவருக்கு நாளைய அதே நெரிசல் இரட்டிப்புப் பாரம், ஆகவே நாளைக்குக் கை இன்னும் சீக்கிரம் போகும். மனச்சோர்வும் சேர்ந்துவிட்டால் சமையல், கோயில், சிநேகிதர் எல்லாவற்றிலும் விருப்பம் வற்றிப்போய், எந்த முயற்சியும் கேட்காத ஒரே பொருளாகப் போன் மட்டும் மிஞ்சுகிறது.

எத்தனை மணித்தியாலம் என்று எண்ணுவதில் பெரிய பயனில்லை. மொத்த நேரத்துக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு ஆய்வுகளில் பலவீனமாகவே தெரிகிறது. கட்டுப்பாடு இழந்த பாவனையோடு உள்ள தொடர்பு அதைவிடப் பலமானது. சமூக ஊடகப் பாவனையில் அதை அளக்க நோர்வேயின் பேர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ஆறு கேள்விகள் உண்டு. கடந்த ஓராண்டில் எந்நேரமும் சமூக ஊடக நினைவா, வரவர அதிகம் தேவைப்படுகிறதா, பிரச்சினைகளை மறக்கப் பாவித்தீர்களா, குறைக்க முயன்று தோற்றீர்களா, கிடைக்காவிட்டால் பதற்றமா, வேலையோ படிப்போ கெட்டதா? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி, மொத்தம் 30. சில ஆய்வுகள் 19ஐயும் சில 24ஐயும் எல்லையாக வைக்கின்றன. இது நோய் நிர்ணயம் ஆகாது. உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இருக்கிறது, சமூக ஊடக அடிமைத்தனம் இல்லை. நான் முதலில் பார்ப்பது மூன்றாவது கேள்வியைத்தான். அதில் 4 அல்லது 5 போட்டவர் மறக்க நினைப்பது எதை என்று கேளுங்கள்.

(2022 பொருளாதார நெருக்கடியையும் நினைக்க வேண்டும். எந்த ஷெட்டில் பெற்றோல், எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய காலம் அது. தேவை போனாலும், பலருக்குக் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை.)

ஏழு நாள் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: போனை எடுத்த நேரம், எடுப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, வைத்தபோது மனம் எப்படி இருந்தது. அந்த வாரம் எதையும் குறைக்க வேண்டாம். 2018இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களிடம் செய்த ஆய்வில், ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், ஸ்னாப்சாட் மூன்றையும் நாளுக்குப் பத்துப் பத்து நிமிடமாக மூன்று வாரம் குறைத்தவர்களுக்குத் தனிமையும் மனச்சோர்வும் குறைந்தன. குறைக்காமல் பாவனையைக் கவனித்து மட்டும் வந்தவர்களுக்குக்கூடப் பதற்றம் தணிந்தது.

கொப்பியில் அடிக்கடி வருகிற ஒரே ஒரு நேரத்தை மட்டும் மாற்றுங்கள். மாலை ஏழு மணி என்றால், கதிரையில் இருக்க முன்பு போனில்லாமல் மரீன் டிரைவில் பத்து நிமிட நடை. திரும்பி வந்ததும் அந்தக் கடிதத்தைப் பிரித்து, வாசித்துச் சொல்லக்கூடியவரிடம் கொடுப்பது. அழுத்தத்தில் ஒரு துண்டாவது உண்மையில் குறைய வேண்டும், இல்லாவிட்டால் எந்தக் கட்டுப்பாடும் நிற்காது. செயலியில் நேர வரம்பு போடுவது பலருக்குச் சரிவராத காரணம், அதைத் தாண்டும் பொத்தானும் அதே திரையில் இருப்பதுதான். செயலியை அழித்துவிட்டு மூன்றாம் நாள் திரும்பப் போடுவதும் வழமை. அதைத் தோல்வியாக எடுக்காமல் கொப்பியில் நேரத்தைக் குறியுங்கள்.

படுக்கையறையில் போன் வேண்டாம் என்றால் இரண்டு மறுப்பு வரும். எலாம் என்பார்கள், அதற்குத் தனி மணிக்கூடு வாங்கலாம். மற்றது கனடா அழைப்பு, அது நியாயமானது: டொரொன்டோவில் மாலை 6 மணி இங்கே அதிகாலை 3.30, குளிர்காலத்தில் 4.30. போனை ஹோலில் வைத்து அழைப்புச் சத்தத்தை உரக்க விடுங்கள், மெசேஜ் சத்தத்தையும் மற்ற அறிவிப்புகளையும் நிறுத்துங்கள்.

இரண்டு வாரமாக மனம் எழும்பவே இல்லையா? மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விகளுக்கு 0 முதல் 3 வரை புள்ளி போடுங்கள். 10 அல்லது அதற்கு மேல் என்றால் கொப்பியோடு வைத்தியரிடம் போங்கள். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும் இதே சோர்வைத் தரும், அவர் அதையும் பார்ப்பார். ஒன்பதாவது கேள்வி சாக நினைப்பது பற்றியது. அதில் 1 விழுந்தாலே கூட்டுத்தொகை பார்க்காமல் உடனே உதவி கேளுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இருபத்துநான்கு மணித்தியாலமும் உண்டு. எடுத்தவுடன் தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள்.