கூண்டில் யார் படமும் இல்லை

கடலூர் திருப்பாப்புலியூரில் ஒரு பிரிண்டிங் கடையில் பதினாறு வருஷமாக டிசைன் போடுகிறேன். அரசு விளம்பரத்தைப் பற்றி ஆளாளுக்குப் பேசுகிறார்கள். அதை மவுஸால் நகர்த்துகிறவன் என்கிற உரிமையில் நானும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு துறையிலிருந்து முகாம் பேனருக்கு ஆர்டர் வந்தது. பத்துக்கு ஆறு. மாதிரியை வாட்ஸாப்பில் அனுப்பினேன். மேலே இருப்பவர் படத்தைப் பெரிதாக்குங்கள் என்றார்கள். ஆக்கினேன். அமைச்சர் அவருக்குச் சமமாகத் தெரிகிறார், சின்னதாக்குங்கள். அதையும் செய்தேன். அப்புறம், அமைச்சர் இப்போது கண்ணாடி போடுகிறார், இது பழைய படம், மாற்றுங்கள். இப்படியே ஐந்தாறு தடவை. கடைசியில் கீழே ஒரு சாண் பட்டைதான் தேதிக்கும் இடத்துக்கும் மிஞ்சியது. அந்தத் தேதி தப்பு. அவர்கள் எழுதிக் கொடுத்த தாளிலேயே தப்பு. நானும் கவனிக்கவில்லை, ஓகே சொன்னவரும் கவனிக்கவில்லை.

பேனரில் போட்டிருந்த நாளில் அந்தப் பக்கம் போனேன். பூட்டிக் கிடந்த பள்ளிக்கூட கேட்டுக்கு முன்னால் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை, அதற்குள் ரேஷன் கார்டு நகலும் பட்டா மனுவும். முகாம் நாளைக்குத்தான் என்று நான் சொன்னதும் ஒன்றும் பேசாமல் பையை மடித்துக்கொண்டு எழுந்தார். தலைக்கு மேலே நான் போட்ட படங்கள் பளபளவென்று சிரித்துக்கொண்டிருந்தன.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். காலையில் பேப்பரில் முழுப்பக்க அரசு விளம்பரம் வந்தால் மனதுக்குள் முகங்களை டெலிட் செய்து பார்ப்பேன். எந்த ஆபீஸ், என்ன சான்றிதழ், கடைசித் தேதி எது என்று ஏதாவது மிஞ்சினால் அது தகவல். வெறும் 'சாதனை'யும் கலர் பேக்ரவுண்டும் மிஞ்சினால் அது கட்சி போஸ்டர். போஸ்டருக்குக் கட்சிக்காரர் பணம் கட்டட்டும், நம் வரிப்பணம் எதற்கு?

இதற்குச் சட்டமே இல்லையா என்றால், உச்ச நீதிமன்றம் 2015 மே மாதம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. அரசு விளம்பரத்தில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி படங்கள் மட்டுமே வரலாம், ஆளுங்கட்சியைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது என்றது. உடனே மறுபரிசீலனை கேட்டு மத்திய அரசும் போனது, தமிழ்நாடு உட்பட மாநிலங்களும் போயின. வேறு எதில் இவர்களுக்குள் இப்படி ஒற்றுமை பார்த்திருக்கிறோம்? 2016 மார்ச்சில் ஆளுநர், முதலமைச்சர், துறை அமைச்சர் படங்களுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது.

கமெண்டில் 'உங்க ஆளு மட்டும் யோக்கியமா' என்று வருவீர்கள், தெரியும். எனக்கு ஆள் கிடையாது. மிக்சி, ஃபேன், லேப்டாப் எல்லாவற்றிலும் ஜெயலலிதா படம் வந்தது. கொரோனா ஊசி சான்றிதழில் மோடி படம் வந்தது. 2021 தேர்தலின்போது தமிழ்நாடு, புதுச்சேரி உள்ளிட்ட இடங்களில் தேர்தல் ஆணையம் சொல்லித்தான் எடுத்தார்கள். 2025 ஜூலையில் நம் மாவட்டத்திலேயே, சிதம்பரத்தில், 'உங்களுடன் ஸ்டாலின்' என்ற அரசு முகாம் திட்டம் தொடங்கியது. உயிரோடிருப்பவர் பெயரை அரசுத் திட்ட விளம்பரத்தில் போடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஒரே வாரத்தில் ரத்து செய்தது. எல்லாக் கட்சியும் செய்வதை ஒரு கட்சி மேல் மட்டும் ஏன் கேட்கிறீர்கள் என்று, வழக்குப் போட்ட அதிமுக எம்.பி. சி.வி.சண்முகத்துக்குப் பத்து லட்சம் அபராதமும் போட்டது. எல்லாக் கட்சியும் செய்கிறது, வாஸ்தவம். என் கவலையே அதுதானே ஐயா!

என்ன பெரிய செலவு என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பெண் குழந்தைகளுக்கான 'பேட்டி பச்சாவ்' திட்டத்துக்கு 2016-19-ல் விடுவித்த 446.72 கோடி ரூபாயில் 78.91 சதவீதம் விளம்பரப் பிரச்சாரத்துக்கே போனது. சொன்னது எதிர்க்கட்சி இல்லை, நாடாளுமன்றக் குழு.

எங்கள் வீட்டு கிரைண்டரை அம்மா இன்னும் 'அந்தம்மா குடுத்தது' என்றுதான் சொல்வார். ஸ்டிக்கர் தண்ணீர் பட்டுப் பாதி உரிந்துவிட்டது, பேச்சு மட்டும் மாறவில்லை. பெட்டிக்கடையில் சோப்பு வாங்கும்போதெல்லாம் வரி கட்டுகிற மனுஷி அவர். தன் காசில் வந்த பொருளுக்கு யாரோ ஒருவருக்கு நன்றி சொல்ல அவரைப் பழக்கியது அந்த நாலு அங்குல ஸ்டிக்கர்தான்.

ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். 2021-ல் ஆட்சி மாறியபோது ஜெயலலிதா, எடப்பாடி படம் போட்ட பள்ளிப் பைகள் 65 லட்சம் இருந்தன. அப்படியே கொடுங்கள் என்று ஸ்டாலின் சொன்னதால் 13 கோடி மிச்சம் என்று கல்வி அமைச்சர் சட்டமன்றத்தில் சொன்னார். கைதட்ட வேண்டியதுதான். ஆனால் முகம் மாற்ற மட்டும் 13 கோடியா என்று எனக்குத் தலை சுற்றியது.

திட்டம் இருப்பது சனங்களுக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் தெரிய வேண்டும். நம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறார்களே, அதுவும் அரசு அறிவிப்புதான். அதில் யார் படமும் இல்லை. எத்தனையாம் நம்பர் என்று கேட்டதுமே தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் படகை மேலே இழுக்கலாமா என்று முடிவு செய்துவிடுவார்கள். 2011-ல் 'தானே' புயல் அடித்த ஊர் இது, நம்பரின் அருமை இங்கே எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு வேடிக்கை. தேர்தல் அறிவித்த அன்று சாயங்காலமே கடைக்கு போன் வரும்: "தம்பி, அவசரம், வெள்ளை ஸ்டிக்கர் எத்தனை ரோல் இருக்கு?" நாங்கள் ஒட்டிய முகங்களை நாங்களே போய் மறைத்துவிட்டு வருவோம். ஒட்டினதற்கு ஒரு பில், மறைத்ததற்கு ஒரு பில். கடைசியாக மறைத்ததற்கான பில் இன்னும் பாஸாகவில்லை.