ஹாமர்ஸ்மித் பாலத்தருகே நின்று பார்த்தது

லண்டன் வசந்தகாலம் பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஆனால் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் படகுப் போட்டியை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! 1829-இல் தொடங்கிய போட்டி அது. இப்போது லண்டனில் தேம்ஸ் ஆற்றில் பட்னியிலிருந்து மார்ட்லேக் வரை, சுமார் 6.8 கி.மீ. நாங்கள் வழியில் இருக்கும் ஹாமர்ஸ்மித் பாலத்துக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். கடல்நீர் ஏறி வரும் நேரம் பார்த்துத்தான் போட்டி வைக்கிறார்கள். அப்போது தேம்ஸ் மேற்கு நோக்கி, பின்னோக்கி ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எனக்கு அதுவே பெரிய அதிசயம். படகுகள் எங்களைக் கடந்தது சில நொடிகள்தான். எட்டுத் துடுப்புகளும் ஒன்றாய் விழுந்த அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம், 2015 முதல் பெண்கள் அணிகளும் அதே நாளில் இதே பாதையில் மோதுகின்றன. அதையும் கட்டுரையில் சேருங்கள். கரையில் நின்று பார்க்கக் கட்டணம் கிடையாது, சீக்கிரம் போய் இடம் பிடித்தால் போதும்.