உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கு?

போன மாதம் இன்ஸ்டாகிராமில் பழைய துணி விற்கிற ஒரு த்ரிஃப்ட் பக்கத்தில் 450 ரூபாய்க்கு ஒரு குர்த்தி வாங்கினேன். ஒரே ஒரு முறை உடுத்தியது என்று போட்டிருந்தார்கள். பார்சலைப் பிரித்ததும் கமகமவென்று சென்ட் வாசனை. துவைத்த பிறகு சென்ட் போய் அதற்கு அடியில் இருந்த வியர்வை வாடை வந்தது. அக்குளில் தையல் வேறு விட்டிருந்தது. சரி, கொஞ்சம் லூஸ் பண்ணிப் போட்டுக்கொள்ளலாம் என்று எங்கள் தெருமுனை டெய்லர் அண்ணாவிடம் எடுத்துப் போனேன். அவர் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். ஓவர்லாக் தையலைத் தாண்டி ஒரு அரிசி அகலத்துக்குக்கூடத் துணி இல்லை.

"இதுல பிரிக்கறதுக்கு என்னங் அம்மிணி இருக்குது? உள்ள துணியே உடலியே" என்றார்.

அதற்கப்புறம் எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் உள்தையலைத்தான் திருப்பிப் பார்க்கிறேன். கடைக்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்து ஜாக்கெட்டின் உள்ளே இரண்டு பக்கமும் இரண்டு மூன்று வரித் தையல் ஓடும். பிள்ளை பெற்றால் ஒரு வரியைப் பிரிப்பார்கள், கொஞ்சம் பூசினாற்போல் ஆனால் இன்னொரு வரி. பள்ளிக்கூடப் பாவாடையில் அடியில் நாலு விரல் மடிப்பு வைத்துத் தைத்திருப்பார்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அம்மா அந்த மடிப்பில் ஒரு சுற்றைப் பிரித்து விடுவார். பழைய மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் ஒரு கோடு போல நிறம் அடர்த்தியாக நிற்கும். எத்தனை கோடு இருக்கிறது என்று எண்ணினால் அந்தப் பாவாடைக்கு எத்தனை வயது என்று சொல்லிவிடலாம். ஆறாம் வகுப்பில் என் பாவாடையில் இரண்டு கோடு.

ரெடிமேடில் ஏன் அப்படி விடுவதில்லை என்பதை நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பிறந்து வளர்ந்தது திருப்பூர். அங்கே துணியைக் கிராமில்தான் பேசுவார்கள். ஒரு பீசுக்கு ஒரு சென்டிமீட்டர் நீளம் குறைத்தால் ஒரு லட்சம் பீஸ் ஆர்டரில் ஆயிரம் மீட்டர் மிச்சம். அந்த மிச்சத்தில்தான் கம்பெனிக்காரர் ஆர்டரைப் பிடிக்கவே முடியும். வாங்குகிறவனும் மூன்று மாதத்துக்கு மேல் அதைப் போடப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அப்புறம் எதற்கு உள்ளே துணி?

அப்பா சாயப்பட்டறையில் இருந்தவர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. எங்கள் வீட்டில் அந்த வருடம் தீபாவளிக்குப் புதுத்துணி கிடையாது. ஆனால் நொய்யல் ஆற்றில் நுரையும் நிறமுமாகத் தண்ணீர் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவளும் நான்தான். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்குகிற தொட்டியாகிப்போனது. தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்ச வேண்டிய அணை வேறெங்காவது உண்டா தெரியவில்லை. இப்போது கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. தண்ணீர் திரும்பிவிடுகிறது. கடைசியில் தங்குகிற கலப்பு உப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பது இன்னும் தலைவலி. அதனால் துணி வாங்காதீர்கள் என்று மேடை போட்டுப் பேச எனக்கு வாய் வராது. வாங்கியதை உடனே தூக்கிப் போடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். அந்த நிறம் ஏறுவதற்கு ஒரு ஆறு செலவாகியிருக்கிறது.

த்ரிஃப்ட் ஆரம்பிக்கிறேன் என்று நம்மூரில் சொல்கிறவர்கள் பாதிப் பேர் வாங்குவது பழைய துணியே இல்லை, எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ். எண்ணிக்கை குறைந்துவிடக் கூடாதென்று ஆர்டருக்குக் கொஞ்சம் சேர்த்தே வெட்டுவார்கள். அந்த மிச்சமும், செக்கிங்கில் கழித்த பீசும், கேன்சலான ஆர்டரும் திருப்பூர் காதர்பேட்டைச் சந்தைக்கு வந்து அங்கிருந்து ஊர் ஊராகப் போகும். நல்ல சரக்கு, மலிவு, நானும் வாங்குகிறேன். ஆனால் நான் வாங்கியதால் அது குப்பைக்குப் போகாமல் தப்பித்தது என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. திருப்பூரில் வெட்டியெறிகிற துண்டுத் துணிக்கே விலை உண்டு. ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் துடைக்கிற பனியன் வேஸ்ட் எங்கிருந்து வருகிறது என்று நினைத்தீர்கள்? மிச்சத்தைப் பிய்த்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்களில் மறுபடி நூலாகவே ஆக்கிவிடுவார்கள். அவர்களிடம் நாம் சிக்கனம் கற்றுக்கொடுக்கப் போக வேண்டாம்.

அடுத்தவர் உடுத்தியதை வாங்குவதுதான் நிஜமான சங்கதி. அங்கேதான் நமக்கு உதைக்கிறது. குர்த்தி விஷயம் தெரிந்ததும் அத்தை, "யார் உடுத்தினதோ என்னவோ, தரித்திரம்" என்றார். சுத்தம் பற்றிய பயம் என்றால் வெந்நீரும் வெயிலும் போதும். இது அதில்லை. சின்ன வயதில் பெரியம்மா மகளின் பாவாடை எனக்கு வந்தபோது நான் குதித்தேன். அதே வருடம் அப்பாவின் முதலாளி வீட்டிலிருந்து ஒரு பை நிறையத் துணி வந்தது. எல்லாம் புதுசு போல இருந்திருக்க வேண்டும். நாங்கள் பார்க்கவில்லை. அம்மா அந்தப் பையைப் பிரிக்கவே இல்லை. கடைசியில் எவர்சில்வர் பாத்திரக்காரரிடம் போட்டு ஒரு தூக்குப்போணி வாங்கினார். பழைய துணி பக்கத்திலிருந்து வந்தால் உறவு, மேலேயிருந்து வந்தால் அவமானம். வேலை செய்யும் அக்காவிடம் சாயம் போன சுடிதாரைக் கொடுத்துவிட்டு அவர் முகம் ஏன் மலரவில்லை என்று யோசிக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். காசு கொடுத்துத் தானே பொறுக்கி எடுத்தால் அந்தக் கூச்சம் பாதி போய்விடும். த்ரிஃப்டில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

முதல்முறை வாங்கப் போகிறவர்கள், தெரிந்தவர்களோடு ஆரம்பியுங்கள். ஒரே அளவுள்ள நாலு தோழிகள் மாற்றிக்கொண்டால் போதும், கூரியர் செலவும் இல்லை. வெளியே வாங்கினால் நேரில் பாருங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எங்கே இழை நைந்திருக்கிறது என்று தெரியும். அக்குள், தொடை சேருமிடம், காலர் மடிப்பு, ஜிப் இந்த நாலும் சரியாக இருந்தால் மீதி எல்லாம் தைத்துச் சரிசெய்கிற விஷயம். மூக்கில் வைத்துப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். உள்ளாடை வேண்டாம், எலாஸ்டிக் தளர்ந்ததும் வேண்டாம். இணையத்தில் வாங்குவதானால் உள்தையலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். எனக்கு அந்தப் புத்தி 450 ரூபாய் கழித்துத்தான் வந்தது.

பாலியஸ்டரில் மட்டும் நான் கறார். உலகத்தில் தயாராகிற இழையில் பாதிக்கு மேல் அதுதான். அடிப்படையில் பிளாஸ்டிக், துவைக்கும்போதெல்லாம் நுண்ணிழை உதிரும். வீட்டில் ஏற்கெனவே இருப்பதைக் கிழிகிறவரை போடுகிறேன், த்ரிஃப்ட் என்ற பெயரில் புதிதாக உள்ளே விடுவதில்லை.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். மலிவு என்பதால் ஆறு மாதத்தில் பதினோரு பழைய துணி வாங்கிக் குவித்துவிட்டேன். பீரோ கதவு மூடவில்லை. மகள் கேட்கிறாள், "இதுக்கும் ஆடித் தள்ளுபடிக்கும் என்னம்மா வித்தியாசம்?" பதில் சொல்லாமல் இட்லிக்கு ஊற வைக்கப் போய்விட்டேன்.

அந்தப் பீரோவை ஒதுங்க வைக்கும்போதுதான் அம்மாவின் பச்சைப் பட்டு ஜாக்கெட் கிடைத்தது. எனக்கு இரண்டு இஞ்ச் போதவில்லை. டெய்லர் அண்ணா உள்ளே திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மூன்று வரி, பிரிக்காமல் அப்படியே இருந்தது. எழுபது ரூபாய் கேட்டார். பிரித்து விட்ட இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்கு வாங்கின அன்றைய பச்சை, பளிச்சென்று. மற்றதெல்லாம் வெளுத்த பாசிப் பச்சை.

"கல்யாணத்துல யாராச்சும் கேட்டா டிசைன்னு சொல்லிப்போடுங் அம்மிணி" என்றார். வெள்ளிக்கிழமை முகூர்த்தம். அதைத்தான் போட்டுக்கொண்டு போகப்போகிறேன்.