குரல் வர நாலு நிமிடம் ஆகும், பரவாயில்லையா?

போன மாதம் திருச்சியிலிருந்து மதுரைக்கு மச்சானோடு காரில் போகும்போது, டோல்கேட் வரிசையில் நின்றபடி 'பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்' போட்டேன். ஆல்பத்தில் வந்த முழு வடிவம், கிட்டத்தட்ட 12 நிமிடம். வரிசை நகர்ந்தது, எங்கள் முறை வந்தது, கேட் திறந்தது, வண்டி வேகம் பிடித்தது, இன்னும் யாரும் பாடவில்லை. ஹை-ஹேட் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருக்கிறது. பேஸ் கிடார் நாலைந்து சுரம் வாசித்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறது, அப்புறம் மறுபடி அதே நாலைந்து சுரம். மச்சான் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மாப்ள, பாடுறவன் வந்துட்டானா, இல்ல இன்னும் வீட்லருந்தே கிளம்பலயா?"

இதே எரிச்சல் அந்தப் பாட்டைப் பாடிய டெம்ப்டேஷன்ஸ் குழுவுக்கே இருந்தது. பாடகர்களை நாலு நிமிடம் வாசலில் நிற்கவைத்த அந்த ஆள் நார்மன் விட்ஃபீல்ட். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம்மூரில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். அமெரிக்க இசைத்தட்டு உலகில் ரெக்கார்ட் புரொட்யூசர் என்பவர் வேறு. எந்தப் பாட்டு, யார் பாடுவது, எந்தக் கட்டையில், டிரம்ஸ் எவ்வளவு முன்னால் கேட்க வேண்டும், பலமுறை பாடிப் பதிந்ததில் எந்த டேக்கை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்கிற ஆள். விட்ஃபீல்ட் அந்த வேலையையும் செய்தார், பாட்டையும் சேர்ந்து எழுதினார். மெட்டும் தாளமும் அவர் பக்கம், வரிகள் பெரும்பாலும் பாரட் ஸ்ட்ராங் பக்கம். இந்த ஸ்ட்ராங்தான் 1959-இல் டெட்ராய்டின் மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனிக்கு முதல் ஹிட் கொடுத்த 'மணி' பாட்டைப் பாடியவர்.

விட்ஃபீல்ட் 1940-இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர். பதின்ம வயதில் குடும்பத்தோடு டெட்ராய்ட் வந்து சேர்ந்தார். பூல் விளையாட்டு மேசைகளில் பழகிய பையன், 19 வயது வாக்கில் மோடவுன் வாசலில் சுற்ற ஆரம்பித்திருக்கிறார். மோடவுன் முதலாளி பெரி கோர்டி என்ன வேலை கொடுத்தார் தெரியுமா? தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. வாரத்துக்கு 15 டாலர். வருகிற பாட்டையெல்லாம் கேட்டு, இது ஓடும் இது ஓடாது என்று மதிப்பெண் போட வேண்டும். கோர்டி முன்பு டெட்ராய்டில் கார் கம்பெனி அசெம்ப்ளி லைனில் வேலை பார்த்தவர், அந்த முறையை அப்படியே பாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் ஒரு சாதாரண வீடு, அதில் ஒரு ஸ்டூடியோ, வாரக் கடைசியில் ஒரு கூட்டம், கூட்டத்தில் ஓட்டெடுப்பு. பசியோடு இருக்கும்போது கையில் ஒரே ஒரு டாலர் இருந்தால் இந்த இசைத்தட்டை வாங்குவாயா, சாண்ட்விச் வாங்குவாயா? இப்படிக் கேட்டுத்தான் பாட்டுகளை வடிகட்டினார்கள். சாண்ட்விச் ஜெயித்தால் பாட்டு பீரோவுக்குள் போய்விடும்.

மற்றவர்கள் பாட்டுக்கு மார்க் போட்டுத் தொழிலுக்குள் வந்தவரின் பாட்டுகளையே அந்தக் கூட்டம் வரிசையாகத் திருப்பி அனுப்பியது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். 'ஐன்ட் டூ ப்ரவுட் டு பெக்' பாட்டை 2 தடவை திருப்பி அனுப்பினார்கள். அப்போது டெம்ப்டேஷன்ஸ் குழுவுக்கு எழுதிக்கொண்டிருந்தவர் ஸ்மோக்கி ராபின்சன், மோடவுனின் செல்லப்பிள்ளை. அவருடைய 'கெட் ரெடி' அமெரிக்க ஹிட் பட்டியலில் முதல் 20 இடத்துக்குள் வராவிட்டால் அடுத்து உன் பாட்டு என்று கோர்டி வாக்குக் கொடுத்தார். 1966-இல் 'கெட் ரெடி' 29-இல் நின்றது. வாக்குப்படி விட்ஃபீல்டின் பாட்டு வந்தது, 13-ஆம் இடத்துக்குப் போனது, கறுப்பினப் பாட்டுகளுக்கான ஆர் அண்ட் பி பட்டியலில் 8 வாரம் முதலிடம். டெம்ப்டேஷன்ஸ் விட்ஃபீல்ட் கைக்கு வந்துவிட்டார்கள்.

அந்தப் பாட்டில் டெம்ப்டேஷன்ஸ் பாடகர் டேவிட் ரஃபினின் குரலைக் கவனியுங்கள். வசதியாகப் பாடக்கூடிய கட்டையை விட மேலே வைத்திருப்பார் விட்ஃபீல்ட். குரல் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அந்தச் சிரமம்தான் கெஞ்சலாகக் கேட்கிறது. நம் மேடைக் கச்சேரிகளில் ஒரு கட்டை கூட்டி வைத்துவிட்டால் பாடகர் முறைப்பாரே, அந்த முறைப்பை வேண்டுமென்றே ரெக்கார்டுக்குள் கொண்டுவருவதுதான் இவர் வித்தை.

சரி, இப்போது பெரிய கதைக்கு வருகிறேன். 'ஐ ஹேர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்'. 'கிரேப்வைன்' என்றால் திராட்சைக்கொடி. வாய்வழிச் செய்தி அந்தக் கொடி வழியாக வந்தது என்பது அங்கே வழக்கு. அமெரிக்கக் கறுப்பினத்தாரிடம் இது அடிமைக் காலம் வரை போகிற சொல், எழுத்து மறுக்கப்பட்டவர்கள் வாய் வழியாகவே சேதி கடத்தியதன் நினைவு அதில் இருக்கிறது. நாம் 'காத்துவாக்கில் கேள்விப்பட்டேன்' என்போமே, அதுதான். ஸ்ட்ராங் இந்தச் சொல்லை வைத்து ஒரு பாட்டுக்கான பொறியைக் கொண்டுவர, இருவரும் 1966-இல் எழுதி முடித்தார்கள்.

முதலில் ஸ்மோக்கி ராபின்சனின் மிராக்கிள்ஸ் குழுவை வைத்து விட்ஃபீல்ட் பதிவு செய்தார். கூட்டத்தில் தேறவில்லை. 1967-இல் இன்னொரு மோடவுன் பாடகர் மார்வின் கேயைப் பாடவைத்தார், இங்கேயும் கட்டையைக் கூட்டி வைத்துச் சண்டை. கோர்டி அதையும் வேண்டாம் என்றார். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். விட்ஃபீல்ட் அதே பாட்டை வேகமாக்கி, தேவாலயப் பாட்டின் துள்ளல் ஏற்றி, கிளாடிஸ் நைட் அண்ட் த பிப்ஸ் குழுவிடம் கொடுத்தார். அது வெளிவந்து 2-ஆம் இடம் வரை போனது. நியாயமாக இங்கே கதை முடிய வேண்டும், பாட்டு ஜெயித்தாயிற்று. ஆனால் மார்வின் வடிவம் பீரோவில் கிடக்கிறதே என்று ஆளுக்கு உறுத்தல். அரித்தெடுத்து 1968-இல் அதை மார்வினின் ஆல்பத்தில் நுழைய வைத்தார். வானொலிக்காரர்கள் மற்ற பாட்டுகளை விட்டுவிட்டு இதையே போட ஆரம்பிக்க, வேறு வழியில்லாமல் சிங்கிளாக, அதாவது தனி இசைத்தட்டாக வந்தது, 7 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது. மோடவுன் அதுவரை கண்டதில் பெரிய ஹிட்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். கிளாடிஸ் நைட் வடிவத்தில் ஏமாற்றப்பட்டவள் இடுப்பில் கை வைத்துக் கேள்வி கேட்கிறாள். மார்வின் வடிவத்தில் ஏமாற்றப்பட்டவன் இருட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறான், அந்த ஆரம்ப எலெக்ட்ரிக் பியானோவும் கூடவே வரும் கிலுகிலுப்பையும் பாம்பு ஊர்வது போல இருக்கும். சொற்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் ஆள் வேறு, நேரம் வேறு, வீடு வேறு.

இவரது வழிமுறை இதுதான். பாட்டு தோற்றால் பாட்டைத் தூக்கிப் போடுவதில்லை, பாடுகிறவரை மாற்றுவது, வேகத்தை மாற்றுவது, மறுபடி கொண்டுபோய் நிறுத்துவது. 'வார்' பாட்டும் இப்படித்தான். 1970-இல் டெம்ப்டேஷன்ஸ் ஆல்பத்தில் வந்தது, வியட்நாம் போர் நடக்கிற நேரம், அதைச் சிங்கிளாகப் போடச் சொல்லி மாணவர்கள் கேட்டார்கள். டெம்ப்டேஷன்ஸ் பெயர் கெட்டுவிடும், பாதி ரசிகர்கள் போய்விடுவார்கள் என்று மோடவுனுக்குப் பயம். நான் பாடுகிறேன் என்று எட்வின் ஸ்டார் வந்தார், இழக்கப் பெரிதாக ஒன்றும் இல்லாத பாடகர். அவர் தொண்டை கிழியக் கத்திய வடிவம் 3 வாரம் முதலிடம்.

இதை வெறும் பிடிவாதம் என்று மட்டும் சொன்னால் முழுசாகாது. கணக்கும் இருக்கிறது. பாட்டெழுதியவருக்கு ஒவ்வொரு வடிவத்திலும் ராயல்டி உண்டு. 'கிரேப்வைன்' பாட்டைக் கிளாடிஸ் பாடினாலும் மார்வின் பாடினாலும், 1970-இல் க்ரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற ராக் குழு அதை 11 நிமிடத்துக்கு இழுத்தாலும், காசு விட்ஃபீல்டுக்கும் ஸ்ட்ராங்குக்கும், அப்புறம் கோர்டியின் பாட்டுப் பதிப்பகத்துக்கும் போகும். மோடவுன் ஸ்டூடியோவில் வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் வாத்தியக் கலைஞர்களுக்குச் சம்பளம் மட்டும்தான், பல வருடங்களுக்கு அட்டையில் பெயர்கூட இல்லை. இந்த அநியாயத்தை விட்ஃபீல்ட் கண்டுபிடிக்கவில்லை, ஆனால் அதன் லாபமான பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவரே எல்லாவற்றையும் வானத்திலிருந்து பறித்தார் என்பதும் கிடையாது. ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவின் புதுச் சத்தத்தைக் கேட்டு, நாமும் இப்படிச் செய்யலாமே என்று முதலில் சொன்னவர் டெம்ப்டேஷன்ஸ் குழுவின் ஓடிஸ் வில்லியம்ஸ். விட்ஃபீல்ட் அதைத் தட்டிக்கழித்தார். கொஞ்ச நாளில் பார்த்தால் 'கிளவுட் நைன்' தயார்! டென்னிஸ் காஃபியின், 'வா-வா' என்று பேசுவது போல ஒலிக்கும் கிடார், ஒரு வரியை ஐந்து பேரும் மாற்றி மாற்றிப் பாடுவது, வறுமையைப் பற்றிய வரிகள். மோடவுனுக்கு முதல் கிராமி வாங்கிக் கொடுத்த பாட்டு அது. அதிலிருந்து ஒவ்வொரு பாட்டும் நீண்டுகொண்டே போக, 'ரன்அவே சைல்ட்' 9 நிமிடத்தைத் தாண்டியது.

'பாப்பா' பாட்டும் முதலில் தோற்றதுதான். அன்டிஸ்ப்யூட்டட் ட்ரூத் என்று ஒரு குழுவைத் தன் சோதனைச்சாலை மாதிரி வைத்திருந்தார், 1972-இல் அவர்கள் பாடியது 63-ஆம் இடத்தோடு படுத்துவிட்டது. அடுத்து டெம்ப்டேஷன்ஸ். அவர்களுக்கு அதில் விருப்பமே இல்லை, பழையபடி காதல் பாட்டு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாட்டு முழுக்க ஒரே கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு), மாறவே மாறாது. பால் ரைசரின் வயலின்கள் வந்து போகின்றன, எதிரொலியோடு ஒரு டிரம்பெட், வா வா வாட்சனின் கிடார், கைதட்டல். முதல் வரிகளைக் குழுவின் டென்னிஸ் எட்வர்ட்ஸ் பாட வேண்டும். அவர் பாடப் பாட, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று விட்ஃபீல்ட் திருப்பித் திருப்பிப் பாடவைத்து, ஆள் கடுப்பாகி, அந்தக் கடுப்பை அடக்கிக்கொண்டு முணுமுணுத்த டேக்கை எடுத்துக்கொண்டார். செத்துப்போன, ஒருபோதும் பார்க்காத அப்பனைப் பற்றி ஒரு மகன் பேசுகிற பாட்டு. அந்தக் குரல் வேறு எப்படி இருக்க முடியும்? முதலிடம், 3 கிராமி. அதில் ஒன்று இசைத்தட்டின் பின்பக்கத்தில் இருந்த, யாருமே பாடாத வெறும் வாத்திய வடிவத்துக்கு.

இதுவரை நான் விட்ஃபீல்ட் கட்சி. அடுத்த வருடம் 'மாஸ்டர்பீஸ்' ஆல்பம் வருகிறபோது கட்சி மாறிவிடுகிறேன். கிட்டத்தட்ட 14 நிமிடப் பாட்டில் பாடகர்கள் குரல் கேட்பது சில நிமிடம்தான், மிச்சமெல்லாம் இவர் ராஜ்ஜியம். நாலு நிமிடக் காத்திருப்பு 'பாப்பா'வில் நியாயம், ஏனென்றால் வரப்போகிறவன் வரும்போது சொல்ல ஒரு சேதி இருக்கிறது. இங்கே அப்படி ஒன்றும் இல்லை. உலகத்தின் அருமையான ஐந்து குரல்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அவர்களைத் திரைச்சீலையாகத் தொங்கவிடுவது கர்வம், வேறொன்றும் இல்லை. குழு முறையிட்டது, மோடவுன் ஆளை மாற்றியது. 1975-இல் அவர் வெளியேறித் தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார்.

அங்கேயும் ஒரு வெற்றி. எட்வின் ஸ்டாருக்குப் பின்னால் வாசித்துக்கொண்டிருந்த பசங்களை எடுத்து, ரோஸ் ராய்ஸ் என்று பெயர் வைத்து, 1976-இல் 'கார் வாஷ்' படத்துக்கு இசை செய்தார். தலைப்புப் பாட்டு முதலிடம், இசைக்கு கிராமி. அந்தக் குழுவின் க்வென் டிக்கி பாடிய மெதுவான பாட்டுகளைக் கேட்டால், இந்த மனுஷருக்குக் குரலுக்கு இடம் விடத் தெரியாமல் இல்லை என்பது புரியும். டெம்ப்டேஷன்ஸுக்கு இதைக் கொடுத்திருக்கலாமே ஐயா!

கடைசிக் காலம் அவ்வளவு நன்றாக இல்லை. 1995 முதல் 1999 வரை வந்த 20 லட்சம் டாலருக்கு மேலான ராயல்டியை வருமான வரிக் கணக்கில் காட்டவில்லை என்று வழக்கு. 2005-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீரிழிவு முற்றியிருந்ததால் சிறைக்குப் பதில் 6 மாத வீட்டுக்காவல், 25,000 டாலர் அபராதம். தப்பு தப்புதான். ஆனால் அந்தத் தொகையைப் பாருங்கள், 30 வருடம் பழைய பாட்டுகள் கொண்டுவந்த காசு! பீரோவில் பூட்டி வைக்கப் பார்த்த பாட்டும் அதில் அடக்கம். 2008 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார், 68 வயது. ஸ்ட்ராங் 2023-இல் போனார்.

டென்னிஸ் எட்வர்ட்ஸ் 2018 வரை இருந்தார். தன் சொந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போய், அன்று கடுப்போடு பாடிய அதே 'பாப்பா'வைத்தான் பாடிக்கொண்டிருந்தார், அதைப் பாடாமல் ஜனங்கள் விடமாட்டார்கள்.

மச்சான் விஷயத்தைச் சொல்லாமல் விட்டேனே. எட்வர்ட்ஸின் குரல் வந்தபோது திரும்பிப் பார்த்தேன், மனுஷன் சீட்டைச் சாய்த்துவிட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.