20 கிலோமீட்டருக்கு ரெண்டு மணி நேரமா?

இன்றைக்கும் காலையில் ஒன்றே முக்கால் மணி நேரம். சார்ஜா ரோலாவில் இருந்து துபாய் தேராவுக்கு, தூரம் 20 கிலோமீட்டர்கூட கிடையாது. அம்பாசமுத்திரத்தில் இருந்து திருநெல்வேலிக்கு 35 கிலோமீட்டர் இருக்கும், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று ஊருக்கு ஊர் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு வரும் பஸ்கூட இதைவிடச் சீக்கிரம் கொண்டுபோய் இறக்கிவிடும்.

துபாயில் தங்கினால் வாடகை கட்டுப்படியாகாது. அதனால்தான் என்னைப்போல எத்தனையோ பேர் வேலை அங்கே, படுக்கை இங்கே என்று சார்ஜாவில் ஒரு ரூமுக்கு ஆறு பேராக பெட் ஸ்பேஸில் கிடக்கிறோம். ஐந்தரைக்கே கிளம்பு, தப்பிச்சிரலாம் என்று சொன்னார்கள். எல்லாரும் அதே கணக்கைப் போட்டுத்தானே கிளம்புகிறார்கள்! சார்ஜாவில் இருந்து துபாய் போகிற அல் இத்திஹாத் ரோட்டில் ஆறு மணிக்கே வண்டி நகராது. பஸ்ஸில் ஏசி இருக்கிறது, சரி, அந்த பஸ்ஸில் ஏறுவதற்கு ஜூலை மாசப் புழுக்கத்தில், விடியும் முன்னாலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள வரிசையில் நிற்கிறோமே, அதை யார் பார்க்கிறார்கள்? துபாயில் மெட்ரோ ஓட ஆரம்பித்தது 2009-ல். 2011-ல் பச்சை வழித்தடம் சார்ஜா எல்லைக்குக் கிட்ட வரை வந்தது. அதோடு நின்றது, இத்தனை வருஷமாகியும் இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன் இல்லை. தினமும் இத்தனை ஜனம் போய் வருகிற வழி இது!

சாயங்காலம் இதைவிட மோசம். ஏழு மணிக்கு வேலை முடிந்தால் ரூமுக்கு வர ஒன்பதரை. ஒரு மாசத்துக்கு நூறு மணி நேரத்துக்கு மேல் ரோட்டிலேயே போகிறது, அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. போன வாரம் மாமா போனில், "ஒனக்கென்னல மருமவனே, துபாய்ல ஏசில இருக்க" என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பதிலே சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். ஊரில் வேலை முடிந்தால் ஆற்றில் ஒரு முங்கு போட்டுவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் இருப்பேன். நடந்துபோனால் பத்து நிமிஷம், வழியில் வாய்க்கால் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், அம்மா விஷயம்தான் தாங்கவில்லை. இங்கே ஒன்பதரை என்றால் ஊரில் பதினொன்று. எட்டரைக்கெல்லாம் பாயை விரிக்கிற ஆள், நான் கூப்பிடுவேன் என்று போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு முழித்துக் கிடக்கிறாள். "ஏன்யா இவ்வளவு நேரம், சாப்ட்டியா?" அவ்வளவுதான் கேட்பாள், அதற்குள் குரல் கம்மிவிடும். பஸ்ஸிலேயே பேசலாமே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காதுக்குப் பக்கத்தில் நாலு பேர் நாலு பாஷையில் வீடியோ காலில் கத்தும்போது அம்மாவிடம் என்ன பேச?

இன்றைக்கு மணி ஒன்பதே முக்கால், பஸ் இன்னும் எல்லையில் இருக்கிற அல் நஹ்தாவைத் தாண்டவில்லை. அம்மாவிடம் இருந்து மூன்று மிஸ்டு கால்.